பன்னிரண்டாவது சத்தியம்

பதினோராவது ஆளாகக் கிழட்டு ஹுன்னா சத்தியம் செய்து முடித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மனுஷன் நடுவில் ஓர் இருமலை விழுங்கினார். ஒரு சொல் தடுக்கியிருந்தால் அவர் சத்தியம் உடைந்திருக்கும். அதோடு என் கழுத்தும்.

எங்கள் வெசெக்ஸ் ராஜ்யத்தில் சட்டம் அப்படி. நான் குற்றமற்றவன் என்று நான் சொன்னால் மட்டும் போதாது. 'இவன் சத்தியம் சுத்தமானது' என்று பன்னிரண்டு பேர் புனிதரின் எலும்புப் பெட்டிமேல் கைவைத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஓக் மரத்தில் நான் தொங்க வேண்டியதுதான். ஏழு மாத வயிற்றோடு நிற்கும் என் மனைவி ஹில்டித்தை அடிமையாக விற்றுவிடுவார்கள்.

நான் கோட்டைக் கதவுக்குக் காவல். ஆறு நாளைக்கு முன் விடியும் நேரத்தில் யாரோ உள்ளேயிருந்து குறுக்குக்கட்டையைத் தூக்கி கடல் தாண்டி வந்து கொள்ளையடிக்கும் டேனியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் என் அப்பா. எனக்கு முன் அந்தக் கதவைக் காத்தவர், வயதான பிறகும் அதன் பக்கத்தில்தான் படுப்பார்.

முந்தின நாள் மாலைதான் அந்தக் கட்டைக்கு நான் தார் பூசினேன். தார் போதவில்லை. செங்காவி மண்ணைக் குழைத்துச் சேர்த்தேன். கறுப்பும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஈரல் நிறத்தில் ஒரு கண்றாவி. காயவும் இல்லை.

மறுநாள் ராஜாவின் அதிகாரி ஊரிலிருந்த ஆண்கள் எல்லாருடைய கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரல் நிறம் என் கையில் மட்டும்தான் இருந்தது. பூசினவன் நானாயிற்றே, இருக்காதா பின்னே! சொன்னால் யார் கேட்கிறார்கள்? தார்க் கறையை எடுக்க அப்பாவிடம் ஒரு கொழுப்பு மருந்து உண்டு. அதில் என்ன சேர்ப்பார் என்று யாருக்கும் சொன்னதில்லை.

அண்ணன் கெயோல் அப்போது ஊரிலேயே இல்லை. கோடையில் டேனியர்கள் பிடித்துக்கொண்டு போன அண்ணியைக் கெஞ்சிக் கூத்தாடி மீட்டுவருகிறேன் என்று கிளம்பிப் போயிருந்தான். மூன்றாம் நாள் அவளோடு வந்து சேர்ந்தான். அப்பாவைப் புதைத்த மண்ணில் விழுந்து அவன் புரண்டதைப் பார்க்க முடியாமல் அதிகாரியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பன்னண்டாவது ஆள் யாருப்பா?" என்று கேட்டார் பாதிரியார்.

"நான் இருக்கேன் சாமி." அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வருகிற வழியில் என் தலையில் ஒரு தட்டு தட்டினான். "மூஞ்சிய ஏன்டா டுடா இப்படி வெச்சிருக்க? அவ வயித்துக்குள்ள இருக்கிற புள்ள பயந்துக்கப் போவுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உலகத்தில் இவன் ஒருவன் போதும் என்று நினைத்தேன்.

பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன் கையை நீட்டினான். சட்டைக் கை மேலே ஏறியது.

மணிக்கட்டுக்கு மேலே, உள்பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்கு ஈரல் நிறம்.

சுற்றிலும் தோல் சிவந்து உரிந்திருந்தது. மணல் போட்டுத் தேய்த்திருக்கிறான்.

வெளியிலிருந்து கோட்டைக்குள் நுழைய ஆலை மதகுக்கு அடியில் ஒரு பொந்து உண்டு. சின்ன வயதில் நானும் அவனும் நுழைந்து விளையாடியது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அண்ணியை அவர்கள் சும்மா விடவில்லை. எங்கள் கதவை வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள். அப்பாவை வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள்.

அடப்பாவி! என்னைத் தூக்குமரத்தடியில் நிறுத்தியதும் நீ, எனக்காக வந்து நிற்பதும் நீயா?

கத்த வாயைத் திறந்தேன். எதிரே ஹில்டித் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கத்தினால் என்ன ஆகும்? தம்பி கையிலும் அதே தார், அண்ணன் கையிலும் அதே தார். கூட்டுக் களவாணிகள் என்று ஒரே கிளையில் இரண்டு கயிறு கட்டுவார்கள்.

வாயை மூடிக்கொண்டேன்.

"ஆண்டவர்மேல் ஆணை. டுடாவின் சத்தியம் சுத்தமானது, பொய் கலவாதது."

கணீரென்று சொன்னான். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. எப்படித் தடுக்கும்? மற்ற பதினொரு பேரும் என்னை நம்பிச் சொன்னார்கள். அவன் தெரிந்து சொன்னான்.

கோயில் மணியை அடித்தார்கள். ஹில்டித் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஹுன்னா என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டு, "அண்ணன்னா இவன்தான்டா அண்ணன்," என்றார்.

அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டான். "முடிஞ்சுதுடா. வீட்டுக்கு வா. உங்க அண்ணி பார்லிக் கள்ளு எடுத்து வெச்சிருக்கா."

யாரும் பார்ப்பதற்குள் அவன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து மூடிவிட்டேன்.

"மணல் போட்டுத் தேச்சா போகாதுண்ணே," என்றேன், அவன் காதோரமாக. "அத எடுக்க அப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும்."