மேட்டுப் பம்பு

கடலோர அணு உலையைக் குளிர்விக்க இரண்டு டீசல் பம்புகள் இருந்தன. பெரியது நிலவறையில் இருந்தது; ஆயுத பூஜை மாலை அதற்குத்தான். சின்னது மேட்டுக் குளத்தருகே நின்றது.

“மேலே வந்துடுங்கண்ணே, கடல் பக்கத்துல இருக்கு,” என்றது சின்னது.

“சுவர் இருக்குடா,” என்றது பெரியது.

ஒருநாள் பூமி குலுங்கியது. அலை சுவரைத் தாண்டி வந்து நிலவறையை நிரப்பியது. பெரிய பம்பு மூழ்கியது.

“உருக ஆரம்பிச்சிட்டேன்பா,” என்றது உலை.

“என் குழாய் சின்னதுதான். ஆனா நிறுத்த மாட்டேன்,” என்ற சின்னப் பம்பு மூன்று நாள் விடாமல் இறைத்தது.

உலை ஆறியது. ஆட்கள் சுவரை ஒரு சாண் உயர்த்தினார்கள். பெரிய பம்பை மேலே எடுத்துத் துடைத்து, மாலை போட்டு, நிலவறைப் படிகளை நோக்கித் தூக்கிப்போனார்கள்.

“போதும், கொஞ்சம் ஓய்வெடு,” என்றது உலை.

“அண்ணனை மறுபடி எங்கே இறக்குறாங்கன்னு பாத்தீங்களா?” என்றது சின்னப் பம்பு. அது என்ஜினை அணைக்கவில்லை.