ஒரு ரிங் விடுங்க

“அந்தப் பட்டனை மட்டும் எடுக்க முடியாது சார்” என்றாள் சுசித்ரா.

சுவரில் புது வெப்சைட்டின் முதல் பக்கம் வெளிச்சமாக விழுந்திருந்தது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது அந்த உரிமை மையம். சாதியைச் சொல்லி அடித்தாலும், பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடாவிட்டாலும், மனசுக்குப் பிடித்தவன் பேரைச் சொன்ன பெண்ணை வீட்டில் போட்டுப் பூட்டினாலும், ஆட்கள் தேடிவருகிற இடம்.

பழைய பக்கத்தில் வக்கீல் இன்னாசி மைக் பிடித்துக் கையை ஓங்கிக்கொண்டு நிற்பார். அவர் காலுக்குக் கீழே, ‘குரலற்றவர்களின் குரல்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும்.

புதுசில் அவரும் இல்லை, மைக்கும் இல்லை. கட்டைவிரலுக்குத் தோதாக ஒரு பச்சைப் பட்டன். அதன் தலைமேல் இப்படி எழுதியிருந்தது: ‘ஒரு ரிங் விடுங்க. நாங்க கூப்பிடுறோம். நீங்க பேசித்தான் ஆகணும்னு இல்ல.’

இன்னாசி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, இது உரிமை மையமா, கேஸ் சிலிண்டர் புக்கிங்கா?”

அறையே சிரித்தது. சுசித்ராவும் சிரித்தாள். ஆனால் அசையவில்லை.

அவராகத் தேடிப் பிடித்த பெண் இல்லை இவள். பெங்களூரில் பெரிய கம்பெனிக்கு வெப்சைட் செய்கிறவள். ஒருநாள் தானே இன்னாசியின் போனுக்குக் கூப்பிட்டு, உங்க பக்கத்தை நான் மாத்தித் தர்றேங்க என்றாளாம்.

எதைக் கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது. மைக் படம் ‘எங்களைப் பற்றி’யில் பத்திரமாக இருக்கிறது. ஜெயித்த வழக்குகளுக்குத் தனிப் பக்கம், நன்கொடை தருகிறவர்களுக்குத் தனிப் பக்கம். முதல் பக்கம் மட்டும், யாருக்கும் தெரியாமல் போனை எடுத்துப் பார்க்கிறவளுக்கு.

“போன் பண்ணிட்டுப் பேசாதவகிட்ட நாங்க என்னம்மா பண்றது?”

“நீங்க பேசுங்க சார். அவ கேட்டுக்கிட்டிருப்பா.”

“அது உனக்கெப்படித் தெரியும்?”

“தெரியும் சார்” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் சாலம்மாளைப் பார்த்தார்கள். மையத்தில் கடைசி வார்த்தை அவளுடையது. முதல் வழக்கே அவள் தெரு வழக்குத்தான்.

மையத்தின் போனும் அவள் பொறுப்பு. யார் ரிங் விட்டுக் கட் பண்ணினாலும் திருப்பிக் கூப்பிடுவாள், ராங் நம்பராகவே இருந்தாலும். ஆனால் யாருடைய நிஜப் பேரையும் போனில் போட்டு வைக்க மாட்டாள். வேண்டாதவன் கையில் போன் சிக்கினால் ஒருத்தரும் மாட்டக்கூடாது பாருங்கள். அதனால் உள்ளே ‘கிணத்துத் தகராறு’ இருக்கும், ‘மொரப்பூர் டெய்லர்’ இருக்கும், ‘பேசாத புள்ள’ இருக்கும், ‘ஆட்டுக்காரர் சின்னவர்’ இருக்கும். இதைச் சொல்லி இன்னாசி கேலி செய்யாத நாளில்லை.

சாலம்மாளுக்கும் அந்த வரி நெருடத்தான் செய்தது. ஆட்களைப் பேச வைக்கத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டது? நாமே பேச வேண்டாம் என்று எழுதி வைப்பதா?

“மொதல்ல இது வேலை செய்யுதான்னு காட்டு கண்ணு” என்றாள்.

சுசித்ரா தன் சொந்தப் போனை எடுத்தாள். பச்சைப் பட்டனை அழுத்தினாள். விரல் தயங்கவே இல்லை.

மேசைமேல் மையத்தின் போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

சாலம்மாள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எடுத்துப் பார்த்தாள்.

புது நம்பராக வந்திருக்க வேண்டும். ஆனால் பேர் வந்திருந்தது.

‘பேசாத புள்ள.’

சில வருஷத்துக்கு முன்னால் மத்தியான வேளைகளில் வந்துகொண்டிருந்த ரிங் அது. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கும். மூச்சு விடாது. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். இவளேதான் பேசுவாள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளி என்ன விலை, இங்கே மழை உண்டா இல்லையா, பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எந்தப் பக்கம் மாடிப்படி. எப்போதும் முதலில் கேட்பது ஒரே கேள்வி.

அப்புறம் ஒருநாள் ரிங் நின்றுபோனது. கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். சாலம்மாள் நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தாள். ஆனாலும் அந்த நம்பரை அழிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சுசித்ரா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்த வரி அப்படியே இருக்கட்டும் வக்கீலு. ஒரு எழுத்து மாத்த வேண்டாம்.”

இன்னாசி வாய் திறப்பதற்குள், வழக்கம்போல, திருப்பிக் கூப்பிட்டாள்.

சுசித்ராவின் கையில் போன் அடித்தது. காதில் வைத்தாள். காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றாள்.

“டெஸ்டிங்தானேம்மா, ஏதாவது பேசு” என்றார் இன்னாசி.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

சாலம்மாள் போனுக்குள் மெதுவாகக் கேட்டாள்.

“சாப்டியா கண்ணு?”

“சாப்டேம்மா” என்றாள் சுசித்ரா.