பெட்டியோடு அம்மா

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா எடை மெஷின்மேல் ஏறி நிற்கிறாள். வகுப்போடு அயர்லாந்துக்குக் கிளம்பும் மகள் தரையில் குப்புறப் படுத்து முள்ளைப் பார்க்கிறாள். ஜன்னல் வெயில் கட்டிலில் இறைந்து கிடக்கும் துணிகள்மேல் விழுகிறது. அயர்லாந்தில் எந்நேரமும் மழையாம். மகள் மழைக்கோட்டை எடுத்து வெளியே போடப் போட, அம்மா அதைத் திரும்பத் திரும்ப உள்ளே திணித்திருக்கிறாள். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. "சீக்கிரம் பாருடி, கை கழண்டுடும் போல இருக்கு." "ஆடாம நில்லும்மா. எழுபத்தஞ்சு." "என்னோட அறுபதைக் கழி." "பதினஞ்சு." "பாத்தியா! ஃப்ளைட்ல இருபது வரைக்கும் விடுவாங்க. இன்னொரு ஸ்வெட்டரும் வைக்கலாம்." அம்மா பெட்டியை இறக்குகையில் தரை அதிர்கிறது. தொளதொளத்த வளையல்கள் மணிக்கட்டுக்குச் சரிகின்றன. மகள் எழுந்து பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறாள். முழங்கால் உயரம்கூட வரவில்லை. "தம்பி பதினஞ்சு கிலோ. அவனை ஒரு கையால தூக்குவேன். இது எப்படிம்மா பதினஞ்சு?" "அவன் உன்னைக் கட்டிப் பிடிச்சுக்குவான், பெட்டி பிடிச்சுக்குமா?" "நீ கடைசியா எப்ப எடை பாத்த?" "நான் எப்பவும் அறுபதுதான்." "பெட்டி இல்லாம ஒரு தடவை ஏறு." "ஏன், எனக்குமா டிக்கெட் போட்டிருக்க?" அம்மா சிரிக்கிறாள். ஹாரன் விடாமல் அடிக்கிறது. அவள் ஸ்வெட்டரை மடிக்காமலே திணித்து, ஒரு கையால் ஜிப்பை இழுத்துக்கொண்டே, எடை மெஷினைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள். மகள் மண்டியிட்டு அதை வெளியே இழுக்கிறாள்.