நாலு நகத் தடம்

இல்லடா, அந்தத் தடம் எங்க மரவாடி யானையோடது இல்ல. தந்தக் கிடங்கை உடைச்சது எங்க யானை மா மியாதான்னு துரை அவளைச் சுடவே கிளம்பிட்டார். அவளோட பாகன் கோ போ தெய்ன் சேத்துல குந்தி எண்ணிக் காட்டினார்.

"துரை, இவளுக்கு முன்னங்கால்ல அஞ்சு நகம். இதுவும் முன்னங்கால் தடந்தான், ஆனா நாலுதான்."

துரையும் ரெண்டு தடவை எண்ணிட்டுத் துப்பாக்கியை இறக்கிட்டார். நாலு நகம் ஆப்பிரிக்க யானைக்குத்தானாம். ரங்கூன்ல அது ஏதுடா? கிடங்குல இருந்தது அங்கேருந்து வந்த தந்தம், பெரிய ஜோடி ஒண்ணு, சின்ன ஜோடி ஒண்ணு. தந்தம் வச்சிருந்த பெட்டி இப்ப காலி. கதவு வெளிப்பக்கமா விழுந்து கிடக்கு. பெரிய தடத்தோட ஒரு குட்டித் தடமும் ஆத்துக்குப் போகுது. உள்ள வந்த தடமே இல்ல.

ஆப்பிரிக்காவுக்குப் போற மொம்பாசா கப்பல் நாளைக்குக் கிளம்புது. கப்பல்துறைச் சேத்துலயும் அந்தத் தடம் இருக்கான்னு போய்ப் பார்ப்போமா, நீ என்ன நினைக்கிறே?