சிவப்பு அட்டை

"எந்தப் பாவி இதை மாட்டினது?"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. 'பிரேக் பிடிக்கவில்லை. யாரும் ஓட்டக் கூடாது.' கீழே காலை ஷிஃப்ட் டிரைவரின் கையெழுத்து.

வாசலில் லாரி நின்றது. நாலு மணிக்குள் இருபது பேலட் சரக்கு ஏறியாக வேண்டும். இப்போதே மணி இரண்டரை. சூப்பர்வைசருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார், லாரியைப் பார்ப்பார், மறுபடி கடிகாரம்.

விஷயம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மதிய ஷிஃப்ட் டிரைவர் வேறு யாருமில்லை, இந்தக் காலை டிரைவரின் தங்கை புருஷன். ஏதோ ஒரு ஓட்டை ஸ்கூட்டரில் ஆரம்பித்த சண்டை. எட்டு மாதமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"மாப்பிள்ளை கையால தள்ளி முதுகு ஒடியட்டும்னு மாட்டிட்டுப் போயிருக்கான்!"

மெக்கானிக் வந்தார். ஏறினார், ஓட்டினார், நிறுத்தினார். சரக்கை வைத்தும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"பிரேக் சும்மா கல்லு மாதிரி நிக்குது சார்."

"நினைச்சேன்!"

காலை டிரைவரை போனில் பிடிக்கலாம் என்று வெளியே வந்தவருக்கு ஆச்சரியம். ஆள் வீட்டுக்கே போகவில்லை. லாரிக்கு அந்தப் பக்கம், சட்டை தொப்பலாக நனைந்திருக்க, கைவண்டியில் பேலட்டை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஷிஃப்ட் முடிஞ்சு அரை மணியாச்சு. இங்க என்னய்யா பண்றே?"

"லாரிக்கு ஏத்திட்டிருக்கேன் சார். ஆறு பேலட் ஆச்சு."

"நாடகமா? பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு மெக்கானிக் சொல்லிட்டார்."

"தெரியும் சார்."

"தெரியுமா! பொய் எழுதினதுக்கு இன்னைக்கே உன் சீட்டைக் கிழிக்கிறேன். எங்க உன் மாப்பிள்ளை? வந்து வண்டியை எடுக்கச் சொல்லு!"

உடை மாற்றும் அறையை நோக்கிப் பாய்ந்தார். டிரைவர் பதறிப்போய் குறுக்கே வந்து நின்றார்.

"மெதுவா பேசுங்க சார்."

அவரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார் சூப்பர்வைசர்.

உள்ளே பெஞ்சில், ஒரு காலில் பூட்ஸும் கையில் இன்னொன்றுமாக, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. இத்தனை கூச்சலுக்கும் இமை அசையவில்லை.

"தங்கச்சிக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்து மூணு வாரம் சார். ஒண்ணு தூங்கினா ஒண்ணு முழிச்சுக்குது. இவன் கண்ணை மூடி நாலு நாளாச்சுன்னு காலைல போன்ல அழுதா. நேத்து வண்டியிலேயே கண் அசந்து ரேக்ல இடிச்சிருக்கான். ஒரு அடி தள்ளி பேக்கிங் பொண்ணு நின்னுச்சாம்."

சூப்பர்வைசரின் குரல் இறங்கியது. "வண்டியை எடுக்காதேன்னு அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எங்களுக்குள்ள பேச்சே இல்லையே சார்."

"சரி, என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவன் சொன்னானே சார், திங்கட்கிழமை. 'பெத்தது உன் பொண்டாட்டி, உனக்கு எதுக்குய்யா லீவு'ன்னு சிரிச்சீங்களாம்."

டிரைவர் மறுபடி கைவண்டியைப் பிடித்தார்.

"இங்க மெஷினுக்கு முடியலைன்னு எழுதினாத்தான் உடனே நிறுத்துவீங்க. அதான் சார், அவன் லீவை மெஷின் பேர்ல எழுதினேன்."