துடைத்துத் துடைத்து வைத்த வரிசை

கணினிக்குள் ஒரு லூப் இருந்தது; ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் அது. ஊர் ஊராகச் சுற்றி மழையளவை எடுத்துவந்து, எண்களை அடுக்கிவைக்கும் வரிசையில் சேர்ப்பது அதன் வேலை. சுத்தத்தில் கெடுபிடி. ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைத் துடைத்துவிட்டுத்தான் புது எண்ணை வைக்கும்.

எல்லா ஊரையும் சுற்றி முடித்தபோது, வரிசையில் ஒரே ஓர் ஊரின் மழைதான் மிஞ்சியிருந்தது.

"மத்த ஊரெல்லாம் எங்கே? சராசரி தெரிஞ்சு விதைக்கலாம்னு ஜனங்க காத்திருக்காங்களே" என்றது லூப்.

"நீங்கதான் துடைச்சுட்டீங்க அண்ணே" என்றது வரிசை.

"அழுக்கு சேரக் கூடாதுன்னுதான்..."

"அழுக்கா? நீங்க சுமந்துவந்த மழைதானே அது. கிளம்பும்போது ஒரு தடவை துடைங்க, போதும். அப்புறம் நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

லூப் முதல் ஊரிலிருந்து மறுபடி கிளம்பியது. ஒவ்வொரு சுற்றிலும் கை பரபரத்தது. ஆனாலும் துடைக்கவில்லை.

கடைசி ஊரைக் கொண்டுவந்து வைத்தபோது, முதல் ஊரின் மழை ஈரம் காயாமல் அங்கேயே இருந்தது.