ரிலீவர்

சக்கரபாணி, வயது முப்பத்திரண்டு, தேனிக்காரர். இப்போது நெய்வேலியில் அரசுத் தொழிலாளர் சமரச அதிகாரி. எந்தப் பேச்சுவார்த்தையையும் முடிக்காமல் எழுந்ததில்லை.

சுரங்கத்தில் இறந்த அன்புமணியின் வேலையை வடலூரிலிருந்து வந்த அவர் மனைவி மலர்கொடி சமரசப் பேச்சில் கேட்டாள். மேசையில் கணவனின் ஹெல்மெட்டை வைத்தாள். மாதங்கள் ஆகியும் உள்பட்டையில் வியர்வை ஈரம்.

"தண்ணி தெளிச்சுக்கினு வந்தியா?" என்றார் எதிரே இருந்த, அன்புமணியை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர்.

"நீங்களே துடைங்க," என்று சக்கரபாணி கைக்குட்டையை நீட்டினார்.

கான்ட்ராக்டர் துடைத்தார். மறுபடி ஊறியது.

"மாத்திவுட ரிலீவர் வராம யாருங்க ஷிப்ட்ட வுட்டு எறங்குவாங்க?" என்றாள் மலர்கொடி.

"நாளைக்கே வேலைக்கு வாம்மா," என்றார் கான்ட்ராக்டர்.

மலர்கொடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "யோவ், நான் வந்துட்டேன். வூட்டுக்குப் போய்யா."

பட்டை காய்ந்தது. கதவு தானே திறந்து மூடியது.

வடலூர் சாலையில் சுரங்க உடுப்போடு யாராவது நடந்துபோனால், நிறுத்தாதீர்கள். வழிவிடுங்கள்.